நதிக்குப் பணி ஓய்வு

குடிநீர்க் கழகத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு மென்பொருளுக்குப் பணி ஓய்வு கொடுப்பதென்று முடிவான அன்று, கீழ்த்தளத்துக் கிடங்கில் ஸ்டோரக்கா குழாய் வாஷர்களை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. கிடங்குப் பொறுப்பை ஏற்ற முதல் வாரமே அதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். வால்வு கேட்டு வருபவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட 'ஸ்டோரக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்வதானால் அதற்கும் மென்பொருளில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

அந்த மென்பொருளின் பெயர் 'நதி'. கோப்புகள் மேசையில் தேங்காமல் ஓடவேண்டும் என்று, அதை வாங்கிய காலத்து மேலாளர் ஆசையாக வைத்த பெயர். ஊழியர்கள் தங்களுக்குள் அதைக் 'கிணறு' என்றார்கள். விடுப்பு வேண்டுமா, நாற்காலிக் கால் உடைந்துவிட்டதா, இடமாறுதல் வேண்டுமா, எல்லாவற்றையும் அதில்தான் போடவேண்டும். போட்ட பிறகு அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். 'பரிசீலனையில்' என்ற சொல் திரையில் மிதந்துகொண்டிருக்கும்.

ஸ்டோரக்காவும் ஒன்று போட்டிருந்தாள். அவள் கணவர் தெற்குக் கிளை இருக்கும் ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகளும் அவரோடுதான் இருந்தாள். ஸ்டோரக்கா மட்டும் இங்கே, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும் ஒரு வாடகை அறையில். தெற்குக் கிளையில் கிடங்குப் பொறுப்பாளர் இடம் வெகுநாளாகக் காலி. 'என்னை அங்கே மாற்றுங்கள்' என்று அவள் போட்ட விண்ணப்பத்துக்கு இரண்டு பிறந்தநாள் ஆகிவிட்டது. மகள் முதல் வகுப்பில் சேர்ந்த அன்று டீச்சர், "உங்க அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். "போன்ல" என்று சொல்லியிருக்கிறது குழந்தை. கணவர் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்டோரக்காவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, எண்ணி முடித்த வாஷர்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

ஆகவே, நதிக்கு ஓய்வு கொடுக்கப் போகிறார்கள், பிரிவுக்கு ஒருவர் கூட்டத்துக்கு வரவேண்டும் என்ற சுற்றறிக்கையைப் படித்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிணற்றை மூடுவதற்கு முன்னால் உள்ளே கிடப்பதையெல்லாம் வெளியே எடுத்துத்தானே ஆகவேண்டும்?

மேல்மாடிக் கூட்ட அரங்கில் பொது மேலாளர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கணினிப் பிரிவுத் தலைவர். கம்ப்யூட்டர் சார் என்றால்தான் தெரியும். எந்தக் கோளாறைச் சொன்னாலும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லியே முன்னுக்கு வந்தவர். இடப்பக்கம், இதற்காகவே வெளியிலிருந்து வரவழைத்த ஆலோசகர். கோட்டுப் போட்ட இளைஞர். அவர் கையிலிருந்த சின்னக் கருவியை அழுத்தியதும் சுவரில் ஒரு சூரியன் கடலுக்குள் இறங்கியது.

பொது மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"நதியை வெறும் மென்பொருள்னு நினைக்காதீங்க. அது நம்ம குடும்பத்துல ஒருத்தர். குடும்பத்துல ஒருத்தரை எப்படி வழியனுப்புவோம்? முறையா, எல்லாக் கையெழுத்தையும் வாங்கித்தானே? இந்தக் கழகத்துல முப்பது வருஷமா எதுவும் அவசரப்பட்டு நடந்ததில்லை. குழாய் உடைஞ்சாக்கூட நாம அவசரப்பட்டதில்லை. அந்தப் பேரை இதுலயும் காப்பாத்தணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆலோசகர் எழுந்தார்.

"மென்பொருளை நிறுத்துறதுன்னா சுவிட்சை அணைக்கிறதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. எல்லாரும் அப்படி நினைச்சா எங்களை மாதிரி ஆட்களோட கதி என்ன ஆகுறது? இது ஒரு பயணம். முதல்ல திட்டம். அப்புறம் திட்டத்துக்கான திட்டம். அது முடிஞ்சதும் நாம எங்க நிக்கிறோம்னு ஒரு மதிப்பீடு."

அடுத்த படத்தில் சூரியன் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. ஸ்டோரக்கா கையைத் தூக்கினாள்.

"சார், புது மென்பொருள் எப்ப வரும்?"

பொது மேலாளர் அவளைக் கனிவோடு பார்த்தார். "இது போனாத்தானேம்மா அது வரமுடியும்? பதவி காலியாகாம புது ஆளை எடுக்க விதியில இடமிருக்கா?"

"அதுவரைக்கும் சார்?"

"அதுவரைக்கும் விண்ணப்பங்களுக்கு முடக்கம். ஓய்வுக்குப் போறவர்கிட்டப் போய் வேலை குடுக்கிறது மனிதாபிமானமா?"

"ஏற்கெனவே குடுத்த வேலை சார்? இடமாறுதல் மாதிரி?"

பொது மேலாளர் பேனாவை மூடினார். "ரொம்ப நல்ல கேள்வி. இப்படிக் கேள்வி கேக்கிறவங்கதான் குழுவுக்கு வேணும். இவங்களையும் ஓய்வுத் திட்டக் குழுவுல சேத்துக்குங்க."

கேள்விக்குப் பதிலாகப் பதவி கிடைத்ததில் ஸ்டோரக்கா திகைத்துப்போனாள். சாயங்காலம் கணவருக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, என்னைக் குழுவுல போட்டுட்டாங்க."

"என்ன குழு?"

"ஓய்வு குடுக்கிற குழு."

"யாருக்கு ஓய்வு?"

"கம்ப்யூட்டருக்கு."

"சரி, உனக்கு மாறுதல்?"

"முடக்கம்."

கணவர் பேச்சை மாற்றினார். "பாப்பா தூங்கிட்டா. முழிச்சிருந்தா குடுத்திருப்பேன்" என்றார். பின்னால் மகள் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவர் பொய் சொல்வது அவளுக்காகத்தான், குழந்தையிடம் 'இந்த மாதமும் இல்லை' என்று சொல்லும் வேலையை அவளுக்குக் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான் என்பதும் தெரிந்தது.

குழு கூடத் தொடங்கியது. முதல் சிக்கல் நதியின் வயது. வாங்கிய நாளிலிருந்து கணக்கிடுவதா, பயன்படுத்தத் தொடங்கிய நாளிலிருந்தா? இரண்டுக்கும் நடுவே, பெட்டியைப் பிரிக்க ஒப்புதல் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அடுத்தது, நதி இதுவரை விடுப்பே எடுக்கவில்லையே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? "அடிக்கடி வேலை செய்யாம நின்னிருக்கே, அதை விடுப்பா எடுத்துக்கலாமே" என்றாள் ஸ்டோரக்கா. கம்ப்யூட்டர் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. அது பராமரிப்பு, விடுப்பு அல்ல, இரண்டையும் குழப்புவது நதியை அவமதிப்பது என்றார். ஸ்டோரக்கா மன்னிப்புக் கேட்டாள். யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கே தெளிவாகவில்லை.

கடைசியில், ஓய்வுக்கு முறைப்படி விண்ணப்பிக்கும் நாள் வந்தது. எங்கே விண்ணப்பிப்பது என்று ஆலோசகர் கேட்டார்.

"வேற எங்க? நதியிலதான்" என்றார் கம்ப்யூட்டர் சார். "நதியில ஒப்புதல் வாங்காம நதியை நிறுத்தினா அனுமதியில்லாம நிறுத்தினதா ஆயிடும்."

இருக்கிற படிவங்களில் 'பணி ஓய்வு' என்பதைத் திறந்தார்கள். பிறந்த தேதியைப் போட்டதும், 'ஓய்வு வயதை எட்டவில்லை' என்று நதி திருப்பி அனுப்பியது. 'விருப்ப ஓய்வு' என்பதைத் திறந்தார்கள். விருப்பத்துக்கான காரணத்தை விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுத வேண்டும் என்றது. மூன்றாவதாக 'மருத்துவக் காரணம்'. அதில் வாரிசின் பெயர் கட்டாயம். வாரிசு யார் என்று முடிவுசெய்ய ஒரு துணைக்குழு அமைக்கலாம் என்று ஆலோசகர் சொன்னபோது அவர் முகத்தில் வெளிச்சம் கூடியது. துணைக்குழு அறைகூடப் பார்த்துவிட்டது. அதற்குள் கம்ப்யூட்டர் சார் பட்டியலின் அடியில் 'இயந்திரம் கழித்துக்கட்டல்' என்றொரு படிவத்தைக் கண்டுபிடித்தார். பழைய மோட்டார், ஓட்டை விழுந்த தொட்டி இவற்றுக்கானது. போட்டார்கள். நதி வாங்கிக்கொண்டது. அரங்கில் கைதட்டல் எழுந்தது. டீ வந்தது. டீ ஆறுவதற்குள் திரையில் அடுத்த வரி வந்தது: 'பரிசீலனையில் — தட்டச்சுப் பொறி பராமரிப்புப் பிரிவு.'

"அப்படி ஒரு பிரிவு இருக்கா?" என்றார் ஆலோசகர்.

விசாரித்ததில், ஒரு காலத்தில் இருந்தது தெரியவந்தது. அந்த நாட்களில் இடமாறுதல் வாங்கிப் போகிறவர்கள் தங்களுக்குப் பழகிய தட்டச்சுப் பொறியையும் கூடவே தூக்கிப் போய்விடுவார்களாம். அதைத் தடுக்க, இடமாறுதலானாலும் இயந்திரக் கழிவானாலும், 'தட்டச்சுப் பொறி எதுவும் வெளியே போகவில்லை' என்று அந்தப் பிரிவு சான்று கொடுத்த பிறகுதான் உத்தரவு வெளியாகும். அந்தப் பாதையை அப்படியே நதிக்குள் போட்டுவிட்டார்கள். பிறகு தட்டச்சுப் பொறிகள் போயின. பிரிவும் போயிற்று. அந்த அறை இருந்த இடத்தில் இப்போது லிஃப்ட் ஓடுகிறது. பாதையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஸ்டோரக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்ப, இத்தனை வருஷமா இடமாறுதல் கேட்டவங்க விண்ணப்பமெல்லாம்?"

"அங்கதான் இருக்கும்" என்றார் கம்ப்யூட்டர் சார். "பத்திரமா."

"அப்ப மாறுதல்ல போனவங்க எப்படிப் போனாங்க?"

"அவங்க மேலிடத்துல பேசிப் போனாங்க" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல.

இப்போது ஓய்வு நடக்கவேண்டுமானால் அந்தப் பிரிவு சான்று கொடுக்கவேண்டும். இல்லாத பிரிவு எப்படிக் கொடுக்கும்? பொது மேலாளர் ஒரே நாளில் வழி கண்டுபிடித்தார். பிரிவை மறுபடி உண்டாக்குவது. தலைவராக யாரைப் போடுவது என்ற பேச்சு வந்தபோது, துரு ஏறிய மூன்று தட்டச்சுப் பொறிகள் கிடங்கில் ஒரு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. பொறிகள் யாரிடம் இருக்கின்றனவோ அவரே பிரிவுத் தலைவர். கிடங்கின் கதவில் வால்வுப் பட்டியலுக்கு மேலே ஒரு பெயர்ப்பலகை ஏறியது. திறப்புவிழாவில் பொது மேலாளர் பேசினார்.

"வேற நிறுவனங்கள்ல ஒண்ணை மூடணும்னா மூடிடுவாங்க. நாம ஒண்ணை மூடுறதுக்காக இன்னொண்ணைத் திறக்கிறோம். இதுதான் வளர்ச்சி."

ஸ்டோரக்காவுக்குத் தனியாக ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மறுநாள் காலை, சிமெண்ட் தூசி படிந்த கிடங்குக் கணினியின் முன்னால் உட்கார்ந்து உள்ளே போனாள். திரை நிரம்பிற்று. கீழே இழுத்தாள். மறுபடி நிரம்பிற்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வரிசையின் கடைசியில் நதியின் கழிவு விண்ணப்பம். அதற்குச் சற்று மேலே அவளுடையது. அதன் மேல் சுட்டியை வைத்தவுடன், 'தன் விண்ணப்பத்துக்குத் தானே சான்று தர இயலாது. மேலதிகாரிக்கு அனுப்பப்படுகிறது' என்று சொல்லிவிட்டு நதி அதைப் பொது மேலாளருக்குத் தள்ளிவிட்டது. பல காலம் அசையாதது ஒரு நொடியில் அசைந்ததைப் பார்த்ததும், சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கடைசியில இருக்கிற நதியோட விண்ணப்பத்தை மட்டும் முடிச்சுடவா?" என்று ஆலோசகரைக் கேட்டாள்.

"ஐயோ, வரிசையை மீறினா தணிக்கையில மாட்டிக்குவோம். முதல்லேருந்து ஒவ்வொண்ணா வாங்க."

"முடக்கம் இருக்கே சார்?"

"முடக்கம் விண்ணப்பிக்கிறவங்களுக்கு. ஒப்புதல் குடுக்கிறவங்களுக்கு இல்லை."

ஸ்டோரக்கா ஒவ்வொன்றாக வந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: 'விண்ணப்பதாரர் தட்டச்சுப் பொறியை எடுத்துச் செல்கிறாரா?' எழுந்து போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பாள். மூன்றும் இருக்கும். திரும்பி வந்து 'இல்லை' என்று போட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்துவாள். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்தாள். அப்புறம் தார்ப்பாயை மடித்து வைத்துவிட்டு, இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் வினை தொடங்கியது. நதியில் ஒப்புதலான எதையும் ஒரு வாரத்துக்குள் நிறைவேற்றியாக வேண்டும், எந்த அதிகாரியும் அதைக் கையால் மாற்றக்கூடாது என்று பொது மேலாளரே முன்பு போட்ட சுற்றறிக்கை ஒன்று இருந்தது. ஒப்புதல் ஆவதே இல்லை என்பதால் அதுவரை யாருக்கும் அதனால் தொந்தரவு இருக்கவில்லை. இப்போது உத்தரவுகள் கிளைகளுக்குப் பறந்தன. மீட்டர் கணக்கெடுப்பவர் ஒருவர், மலைக்கிளையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, நகரத்துக்கு மாற்றுங்கள் என்று எப்போதோ கேட்டிருந்தார். அதன் பிறகு மலையிலேயே பெண் பார்த்து, கட்டி, வீடும் எழுப்பி, மாமனாரோடு ஒரு சண்டையும் போட்டு முடித்திருந்தார். அவரை நகரத்துக்கு மாற்றினார்கள். அவர் மாமனாரையும் கூட்டிக்கொண்டு கெஞ்ச வந்தார். ஆளுக்கு ஆள் இடம் மாற்றிக்கொள்ளக் கேட்ட இரண்டு பேர், மேலிடத்தில் பேசி எப்போதோ மாறிக்கொண்டிருந்தார்கள். இப்போது திரும்பவும் மாறி, பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த கணக்காளர் ஒருவருக்கு உத்தரவு போயிற்று. அவர் மகிழ்ச்சியோடு சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்ல மருமக பேச்சைக் கேக்க முடியலை. ஒரு மேசை மட்டும் போடுங்க போதும்" என்றார். போட்டார்கள். காலமாகிவிட்ட ஒரு பம்ப் ஓட்டுநருக்கு அவர் கேட்ட ஊரே கிடைத்தது. ஆனால் குறித்த காலத்தில் பணியில் சேராததால், விளக்கம் கேட்டு நோட்டீசும் போயிற்று.

கிடங்கு வாசலில் கூட்டம் கூடியது. சிலர் திட்டினார்கள். ஒரு பெண் ஊழியர் ஸ்டோரக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, என் வீட்டுக்காரரோட சேத்து வெச்சிட்டீங்க" என்று அழுதாள். அன்று முழுக்க ஸ்டோரக்கா தலை நிமிராமல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு விண்ணப்பம் வந்தது. மிகப் பழையது. வரிசை எண் குழம்பியதால் நடுவே வந்து விழுந்திருந்தது. இளநிலைப் பொறியாளர் ஒருவர் அணைக்கட்டுக் கிளைக்கு மாறுதல் கேட்டிருந்தார். ஒட்டியிருந்த படத்தில் ஒல்லியான முகம், அடர்ந்த தலைமுடி, கழுத்துக்குப் பெரிதான சட்டைக் காலர். எங்கோ பார்த்த கண்கள் என்று நினைத்துப் பெயரைப் படித்தாள். பொது மேலாளர்.

காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி இருந்தது. 'தாயார் அங்கே தனியாக இருக்கிறார். கண் பார்வை குறைந்து வருகிறது. நான் அருகில் இருந்தால் உதவியாக இருக்கும்.'

ஸ்டோரக்கா அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தாள். யாரிடமாவது கேட்கலாமா என்று யோசித்தாள். கேட்டால் கேள்வியை மெச்சி இன்னொரு பதவி கொடுத்துவிடுவார்கள். மூலையைப் பார்த்தாள். மூன்று பொறிகளும் இருந்தன. பொத்தானை அழுத்தினாள்.

உத்தரவு போன மறுநாள் பொது மேலாளரே கிடங்குக்கு இறங்கி வந்தார். அவர் அந்தத் தளத்தில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வால்வு அடுக்குகளுக்கிடையே சுற்றிவிட்டு வந்து நின்றார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? திங்கக்கிழமையிலேருந்து நான் இளநிலைப் பொறியாளராம்! அணைக்கட்டுக் கிளையில ஒரு ஸ்டூல்ல உக்காரணுமாம்! கம்ப்யூட்டர் சாரைக் கேட்டா, நீங்க போட்ட சுற்றறிக்கைதான் சார்ங்கிறார்!"

"நீங்கதான் சார் கேட்டிருந்தீங்க."

"நானா? நான் எப்ப கேட்டேன்?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ஸ்டோரக்கா ஒரு காலி மீட்டர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, துடைத்து, அவருக்குப் பின்னால் நகர்த்தினாள். அவர் அதில் உட்கார்ந்தார்.

"இதைப் போட்டுட்டுத் தினமும் திறந்து பாப்பேன்" என்றார். குரல் மேடையில் கேட்கும் குரலாக இல்லை. "பரிசீலனையில, பரிசீலனையிலன்னே காட்டும். யாரோ ஒரு பெரிய அதிகாரி உக்காந்து படிச்சு யோசிச்சுக்கிட்டிருக்காருன்னு நினைச்சேன். அம்மாகிட்டயும் அப்படித்தான் சொல்வேன். 'பெரியவங்க பாக்கிறாங்கம்மா, வந்துடும்'னு. அவங்க போற வரைக்கும் அதைத்தான் கேட்டாங்க. வந்துச்சாடான்னு."

ஸ்டோரக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார்.

"யாருமே பாக்கலை, இல்லே?"

"லிஃப்ட் இருந்துச்சு சார் அங்க."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது மறுபடி பொது மேலாளராகியிருந்தார். "சரி, ரத்து பண்ணக் கேட்டு நேத்தே விண்ணப்பம் போட்டிருக்கேன். முடக்கத்துல எனக்கு மட்டும் விலக்கு வாங்கிக்கிட்டேன். அது உங்ககிட்டதான் வந்திருக்கும். ஒரு அழுத்து அழுத்திடுங்க."

"வரிசையில வரும் சார். இனி நதியோடது ஒண்ணுதான் பாக்கி, அதுக்கு அடுத்தது உங்களோடதுதான். இன்னிக்கே வந்துடும்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "சார், என்னோட ஒண்ணு உங்ககிட்ட இருக்கு."

"எது?"

"தெற்குக் கிளைக்கு. பொண்ணு அங்க இருக்கா சார். அவங்கப்பாவோட."

"அதுக்கு முடக்கம் இருக்கேம்மா. என்னால எப்படி..."

"அழுத்துறவங்களுக்கு முடக்கம் இல்லையாம் சார். ஆலோசகர் சொன்னார்."

அவள் மிரட்டவில்லை. மிரட்டத் தெரிந்திருந்தால் மேலிடத்தில் பேசி எப்போதோ போயிருப்பாள். தெரிந்த விதியைச் சொன்னாள், அவ்வளவுதான். பொது மேலாளர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஒல்லிப் பையன் இன்னும் அங்கேயே இருந்தான். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, நதியைத் திறந்து, தூரத்தில் பிடித்து, தேடித் தேடி, ஒரு விரலால் அழுத்தினார்.

ஸ்டோரக்கா நின்றபடியே நதியின் கழிவு விண்ணப்பத்துக்கு ஒப்புதல் கொடுத்தாள். அதற்கடுத்து அவருடைய ரத்துக்கும் கொடுத்தாள். அவர் எழுந்து, கால்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு, வந்த வழி மறந்து மறுபடி வால்வு அடுக்குகளுக்குள் போனார்.

நதியின் வழியனுப்பு விழா அடுத்த வாரம் நடந்தது. மேடையில் பூங்கொத்துக்கு நடுவே ஒரு கணினித் திரையை வைத்திருந்தார்கள். பரிசாகக் கொடுக்க ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் சார் சுவிட்சுக்குப் பக்கத்தில் தயாராக நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஆஃப் செய்துவிட்டு ஆன் செய்யாமல் இருக்கப் போகிறார். ஸ்டோரக்கா பயணப் பையோடு கதவருகே நின்றிருந்தாள். மதியம் பஸ்.

பொது மேலாளர் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு உண்மையைச் சொல்றேன். நான் சின்ன வயசுல இந்த நதியில ஒரு விண்ணப்பம் போட்டேன். நானே மறந்துட்டேன். ஆனா நதி மறக்கலை! ஒரு எழுத்து அழியாம, ஒரு புள்ளி தேயாம, அப்படியே வெச்சிருந்து போன வாரம் என் கையில குடுத்துச்சு. படிச்சதும் கண் கலங்கிடுச்சு. இத்தனை வருஷம் ஒருத்தன் குறையைப் பத்திரமா வெச்சிருக்க யாரால முடியும்? மனுஷனா இருந்தா தீத்து வெச்சுட்டு மறந்திருப்பான்! இப்படிப்பட்ட ஒரு சேவகரை வெளியே அனுப்ப எனக்கு மனசு வரலை. நதிக்கு ஐந்து வருஷம் பணி நீட்டிப்பு குடுக்கிறேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அடுத்த ஓய்வை இப்போதிலிருந்தே திட்டமிடும் பொறுப்பு தமக்குத்தான் என்று அறிந்த ஆலோசகர் எழுந்து நின்று தட்டினார். கம்ப்யூட்டர் சார் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். ஓய்வுபெற்ற கணக்காளர் முன்வரிசையில் உட்கார்ந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டோரக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினாள். நீட்டிப்பு தன்னையும் சேர்த்துப் பிடித்துவிடுமோ என்ற பயம் பஸ் கிளம்பும்வரை போகவில்லை.

தெற்குக் கிளையில் அவள் சேர்ந்து வெகு நாளாகிவிட்டது. காலையில் மகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, கிடங்கைத் திறப்பாள். வாஷர்கள் இங்கேயும் அளவு கலந்துதான் கிடந்தன. பணியில் சேர்ந்ததற்கான அறிக்கையை மட்டும் நதியில் போட்டிருந்தாள். அது தட்டச்சுப் பொறி பராமரிப்புப் பிரிவுக்குப் போய் நின்றது. அவள் இங்கே வந்துவிட்டதால் அந்தப் பிரிவுக்குத் தலைவர் இல்லை. ஆகவே நதியின் கணக்கில் அவள் இன்னும் தெற்குக் கிளைக்கு வந்துசேரவில்லை. பெயருக்கு நேரே 'பயணத்தில்' என்று காட்டியது.

ஒரு நாள் கிளை மேலாளர் அவளை அறைக்கு அழைத்தார். சாந்தமான மனிதர். முந்தின நாள்தான் அவளோடு சேர்ந்து ஒரு லாரி நிறையக் குழாய்களை எண்ணி இறக்கியிருந்தார். மேசைமேலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து உங்களுக்கு நோட்டீஸ். ஏன் இன்னும் வந்துசேரலைன்னு விளக்கம் கேட்டிருக்காங்க. நேர்ல குடுத்துட்டுக் கையெழுத்து வாங்கி அனுப்பச் சொல்லியிருக்காங்க."

ஸ்டோரக்கா கையெழுத்துப் போட்டாள். அவர் அதைச் சரிபார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"பதில்ல எழுதணும். எப்ப வந்து சேருவீங்கன்னு போடட்டும்?"

"வந்துக்கிட்டே இருக்கேன்னு போடுங்க சார்."

அவர் நிதானமாக அப்படியே எழுதி, கீழே முத்திரை குத்தினார்.

"சரி, பாத்து வாங்க" என்றார். "நாளைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க. வால்வு லாரி வருது."